கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தின் பழைய வணிக ஊர்களான சுவாஹிலி நகரங்களைக் கட்டியது யார்? ஆப்பிரிக்கர்களா, பாரசீகர்களா?

கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்கள்தான். ஆனால் பாரசீக உறவும் கட்டுக்கதை இல்லை.

இன்றைய தான்சானியாவில் உள்ள கில்வா போன்ற ஊர்களின் பவளக்கல் மசூதிகளைப் பார்த்த காலனி கால ஆய்வாளர்கள் பலர், இவை வெளியாட்களின் வேலை என்றே எழுதிவைத்தார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது மண்தான். கென்யாவின் பாட்டே தீவில் உள்ள ஷங்காவில் கல் மசூதிக்கு அடியில் தோண்டிக்கொண்டே போனபோது, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிறிய மர மசூதிகளின் தடயங்கள் வந்தன. அவற்றில் மிகப் பழையது, 8ஆம் நூற்றாண்டில் கம்பு நட்டுக் கட்டிய சின்னஞ்சிறு தொழுகையிடம். சுற்றிலும் கிடைத்த பானை ஓடுகளில் பெரும்பாலானவை உள்ளூர்க் கைவண்ணம். இம்மக்களின் சுவாஹிலிப் பேச்சோ ஆப்பிரிக்காவின் பாந்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

பிறகு 2023இல் மரபணு ஆய்வு வந்தது. தொல்லியலாளர் சப்புருக்கா குசிம்பா, மரபணு ஆய்வாளர் டேவிட் ரைக் உள்ளிட்டோர் 1250 முதல் 1800 வரை வாழ்ந்த 80 பேரின் எலும்புகளை ஆராய்ந்தார்கள். தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா. தந்தைவழியில் பாரசீகம் தூக்கல். கொஞ்சம் இந்தியக் கலப்பும் உண்டு. கலப்பு தொடங்கியது சுமார் 1000ஆம் ஆண்டில். அதற்குள் ஷங்காவுக்கு 200 வயது ஆகிவிட்டது!

பாரசீக நகரமான ஷிராஸிலிருந்து முன்னோர் வந்ததாகச் சுவாஹிலி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததை வெறும் அந்தஸ்துப் பேச்சு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அம்மக்கள் சொல்லில் உண்மை இருந்தது என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த எலும்புகளில் பல, மசூதியை ஒட்டிய வசதிபடைத்தோர் கல்லறைகளில் எடுத்தவை. மீனவர், உழவர் கதை வேறாக இருக்கலாம்.