கிராக் மென்பொருளும் ‘நன்றி: கூகுள்’ படமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரி மாணவி. வகுப்புக்காக ஆறு நிமிடக் காணொளி ஒன்று செய்கிறேன். படங்களைக் கூகுளில் எடுத்து, கடைசியில் ‘நன்றி: கூகுள்’ என்று போட்டிருக்கிறேன். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு, பத்து வினாடிதான். எடிட்டிங் மென்பொருளின் கிராக்கை நண்பன் கொடுத்தான். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவினேன். எந்தக் கிராக்கையும் ஆன்டிவைரஸ் வைரஸ் என்றுதான் சொல்லும், பயப்படாதே என்கிறான். சரியா? காணொளியை யூடியூபில் ஏற்றலாமா?

அன்புள்ள மாணவிக்கு,

மென்பொருளை முதலில் பார்ப்போம், அதுதான் அவசரம்.

நண்பர் சொல்வது பாதி உண்மை. கிராக் என்பது மென்பொருளின் உரிமச் சோதனையை உடைக்கும் நிரல். அதில் வேறு கேடு இல்லாவிட்டாலும் ஆன்டிவைரஸ் அதைத் தடுப்பதுண்டு. வைரஸ் எழுதுபவனுக்கு அந்தப் பாதி உண்மைதான் முதலீடு. எச்சரிக்கை வந்தாலும் நீங்களே அணைத்துவிடுவீர்கள் என்று அவனுக்குத் தெரியும். கிராக்கை ஜிப்பில் போட்டுக் கடவுச்சொல்லால் பூட்டித் தருவதும் இதற்குத்தான். பூட்டிய கோப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. ஸ்டாப் என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், வீட்டுக் கணினிகளில் பரவியது பெரும்பாலும் இப்படித்தான்.

ரான்சம்வேராவது வந்ததைக் காட்டிக்கொள்ளும். தகவல் திருடும் நிரல் அப்படியல்ல. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் அள்ளி அனுப்பிவிடும். கணினி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்பதற்கான சீட்டு அந்தக் குக்கி. அது கையில் இருந்தால் பல தளங்களில் கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

ஆகவே அந்தக் கணினியின் இணையத்தை இப்போதே துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற கணக்குகளின் மீட்பு இணைப்புகள் அங்கேதான் வரும். கூடவே ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். பிறகு மற்ற கணக்குகள். அதே கணினியில் மாற்றினால் புதியதும் திருடு போகும். மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தால் போதாது. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, வேறு கணினியில் தயாரித்த யுஎஸ்பியிலிருந்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். ஆறு நிமிடக் காணொளிக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ் தாராளம். இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம், அதாவது நிரலை எவரும் பார்க்கலாம்.

இனி படங்கள். கூகுள் தேடித் தருகிறதே தவிர, அவை கூகுளுடையவை அல்ல. நன்றி சொல்வது அனுமதி வாங்கியதாகவும் ஆகாது. 1886இல் உருவான, படைப்புகளின் உரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, பதிவு செய்யாமலே, பதிப்புரிமைக் குறி (©) இல்லாமலே, படைத்தவுடன் உரிமை வந்துவிடுகிறது. கற்பித்தலுக்குப் பல நாடுகளின் சட்டம் சலுகை தருகிறது. ஆனால் வகுப்பறைக்குள் காட்டுவதும் உலகத்துக்கே திறந்துவிடுவதும் ஒன்றல்ல.

கூகுள் படத்தேடலில் ‘கருவிகள்’ என்பதன் கீழ் பயன்பாட்டு உரிமை வடிகட்டி உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸும் நல்ல இடம். எதுவானாலும் படம் இருக்கும் மூலப் பக்கத்துக்கே போய் உரிமத்தைப் படியுங்கள். பிறர் படத்தைத் தன்னுடையதென்று ஏற்றி, கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக சிசி), அதாவது நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தலாம் என்னும் பொது உரிமத்தின் முத்திரையைக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நன்றி வரியில் நான்கு செய்திகள் வேண்டும்: படத்தின் தலைப்பு, எடுத்தவர், மூலப் பக்கத்தின் இணைப்பு, உரிமம். உரிமத்தைப் பதிப்பு எண்ணோடு, ‘சிசி பை-எஸ்ஏ 4.0’ என்பதுபோல எழுதுங்கள் (‘பை’ என்றால் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், ‘எஸ்ஏ’ என்றால் மாற்றியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும்). வெட்டியிருந்தால், நிறம் மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பத்து வினாடி வரை பாட்டுக்கு விலக்கு என்பது வெறும் வதந்தி. பாட்டில் இரண்டு உரிமைகள் வேறு இருக்கின்றன: இசையும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. நூறாண்டுப் பழைய கீர்த்தனையானாலும் போன வருடப் பதிவுக்கு உரிமை உண்டு. யூடியூபின் ஒலி நூலகத்திலிருந்து எடுங்கள். சிசி பாடல் என்றால், உரிமத்தில் ‘என்டி’ (மாற்றியதை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை) இருந்தால் வேண்டாம். பாட்டைக் காட்சியோடு சேர்ப்பதையே மாற்றம் செய்ததாக அந்த உரிமம் கொள்கிறது.

ஒவ்வொன்றையும் இறக்கும்போதே உரிமப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். சிசி உரிமத்தைக் கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது, ஆனால் பக்கத்தை நீக்கிவிட முடியும்.