நாலு நிமிஷம் மூச்சைப் பிடிக்க முடியுமா?

கேள்வி: கீழக்கரையில் நாங்கள் ஐந்து பேர் வெள்ளிக்கிழமை இஷா தொழுகைக்குப் பிறகு மொட்டை மாடியில் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுகிறோம், ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் போய்ப் பகடை உருட்டி ஆடுவது. நான்தான் டிஎம், கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்பவன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 2014 விதிகளை வைத்து ஆரம்பித்தோம். கதையும் நம் கடலில்தான், தென்கடலில் (மன்னார் வளைகுடா) மூழ்கிய ஒரு கப்பலைத் தேடிப் போகிறார்கள். எனக்குக் காக்கா, அதாவது அண்ணன், முறை வேண்டிய ஒருவர் துபாயிலிருந்து லீவில் வரும்போது 2024 புத்தகம் வாங்கி வந்தார். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் வாக்குவாதம். ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) குடிப்பது, முக்கிய வேலையோடு சேர்த்துச் செய்துகொள்கிற போனஸ் ஆக்‌ஷன்தான் என்கிறார். தண்ணீருக்குள் நாலு நிமிஷம் மூச்சைப் பிடிக்கலாம் என்றார். ஏர்வாடி நண்பனின் தாத்தா சங்கு குளித்தவர், அவன் 'எவன்டா நாலு நிமிஷம் பிடிப்பான்' என்று எகிறிவிட்டான். அரை மணி நேரம் போனது. தண்ணீருக்குள் ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) வேலை செய்யாது என்று முதல் வாரம் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் காக்கா புத்தகத்தை நீட்டியதும் சரி என்று விட்டுவிட்டேன். முதல் வாரம் கேட்டது என் சாச்சா (சித்தப்பா) மகன், பத்தாவது படிக்கிறான். இப்போது அவன் சரியாகப் பேசுவதில்லை. காக்காவை எப்படிச் சமாளிப்பது? டிஎம் வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், கீழக்கரை

பதில்: தம்பி, கடிதத்தில் பாதிக்கு மேல் காக்காவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சாச்சா மகனுக்குக் கடைசியில் இரண்டு வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் கவலையாக இருக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம்.

போஷன் சண்டையில் இரண்டு பேர் சொல்வதும் சரி. 2014 விதியில் போஷன் குடிக்க ஒரு முழு ஆக்‌ஷன் போகும். 2024 விதியில் போனஸ் ஆக்‌ஷன் போதும். காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் ஸ்பெல்லும் (மந்திரமும்) அப்படித்தான், முன்பு ஒரு எட்டுமுகப் பகடை, இப்போது இரண்டு. ஒரே மாடியில் இரண்டு புத்தகத்தை வைத்து ஆடினால் சண்டை வராமல் என்ன செய்யும்? தாயம் ஆடும்போது கட்டத்தைப் போட்டதுமே 'வெட்டினால்தான் உள்ளே போகலாமா, வெட்டாமலும் போகலாமா' என்று கேட்டுக்கொள்வோமே, அதை நீங்கள் கேட்காமலே உட்கார்ந்துவிட்டீர்கள். இந்தக் கதை முடியும்வரை எந்தப் புத்தகம் என்று ஐந்து பேரும் சேர்ந்து தீர்மானியுங்கள். 2014 விதிகளின் சுருக்கம் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம், 2024 விதிகளுக்கான சுருக்கமும் 2025-இல் அதேபோல் வந்துவிட்டது. ஆக, காக்காவிடம்தான் புத்தகம் இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. என்னைக் கேட்டால், பாதிக் கதையில் மாற்றாதீர்கள்.

மூச்சுப் பிரச்சினைக்கு வருவோம். காக்கா புத்தகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். ஒன்றோடு கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையரை, அதாவது கேரக்டரின் உடல் வலுவுக்கான கூட்டு எண்ணை, கூட்டினால் எத்தனையோ அத்தனை நிமிஷம். கான்ஸ்டிட்யூஷன் 16 என்றால் மாடிஃபையர் 3, மொத்தம் நாலு நிமிஷம். ஏர்வாடித் தம்பி சொல்வதும் பொய்யில்லை. அடியில் கை வேலை பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று சங்கு குளிக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாதா?

ஆனால் அரை மணி நேரம் மல்லுக்கட்டினீர்களே, ஒருவராவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஒரு ரவுண்டு, அதாவது எல்லாரும் ஒரு முறை ஆடி முடிப்பது, ஆறு வினாடி. நாலு நிமிஷம் என்றால் 40 ரவுண்டு. எந்த மாடியில் எந்தச் சண்டை 40 ரவுண்டு போயிருக்கிறது? நாலு, ஐந்து ரவுண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஐந்து ரவுண்டு என்றால் 30 வினாடி. அந்த 30 வினாடியைத் தாத்தாவும் தாங்குவார், காக்காவின் கேரக்டரும் தாங்கும். அதனால் விதித் தகராறு வந்தால் யார் சரி என்று பார்க்கும் முன், இந்த நிமிஷம் இதனால் ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் 'அப்புறம் பார்ப்போம்' என்று பகடையை உருட்டச் சொல்லுங்கள்.

அந்த ஏர்வாடித் தம்பியை விட்டுவிடாதீர்கள். விதியைத் திருத்த அவர் தேவையில்லை, கடலைச் சொல்ல அவர் வேண்டும். 2014 டிஎம் கையேட்டில் தண்ணீருக்கடியில் எதிராளி எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுவான் என்று ஒரு சின்ன அட்டவணை உண்டு. வெளிச்சமுள்ள தெளிந்த தண்ணீரில் 60 அடி, மங்கலென்றால் 30, கலங்கல் தண்ணீரில் 10 அடி. இன்று தண்ணீர் தெளிவா கலங்கலா என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. வாடைக்காற்று அடிக்கிற மாதத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். உங்கள் கப்பல் தென்கடலில்தான் கிடக்கிறது. கதையில் இப்போது எந்த மாதம், எந்தக் காற்று என்று அவரிடம் கேளுங்கள். அவர் காற்றைச் சொல்லட்டும், காக்கா அட்டவணையைப் பார்த்து அடியைச் சொல்லட்டும். எகிறிய இரண்டு பேருக்கும் வேலை கொடுத்தாயிற்று.

இனி ஃபயர்பால். விதிப்படி தண்ணீருக்குள் அது வேலை செய்யும், காக்கா சொன்னது சரி. ஆனால் முழுசாக இல்லை. தண்ணீரில் முழுதும் மூழ்கியவர்களுக்கு நெருப்புச் சேதம் பாதிதான். எட்டு ஆறுமுகப் பகடையை உருட்டி 30 வருகிறது என்று வையுங்கள். சேவ், அதாவது தப்பிக்கப் போடும் பகடை, தவறியவனுக்கு 15. சேவ் போட்டவனுக்கு முதலில் பாதி, 15. தண்ணீருக்காக அதிலும் பாதி, 7. அரை வந்தால் கீழே தள்ளிவிட வேண்டும். இதை நீங்களும் பார்க்கவில்லை, 'சரி என்று விட்டுவிட்டேன்' என்கிறீர்களே, அதைப் பார்த்தால் காக்காவும் இந்தப் பாதியைப் பற்றி மூச்சு விடவில்லை போலிருக்கிறது.

தப்பாகத் தீர்ப்புச் சொல்வது பெரிய குற்றமில்லை. எல்லா டிஎம்மும் சொல்வதுதான். பத்தாவது படிக்கிற பையன் கேட்டபோது இல்லை என்றீர்கள், பெரியவர் கேட்டபோது உண்டு என்றீர்கள். அங்கேதான் இடிக்கிறது. அவன் உங்கள் வார்த்தையை நம்பித்தானே அந்த ஸ்பெல்லை உள்ளே வைத்துக்கொண்டான்? இந்த மேசையில் விதி ஆளைப் பார்த்து வரும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு எதற்குப் பேசுவான்?

அடுத்த வெள்ளிக்கிழமை பகடையைக் கையில் எடுக்கும் முன், எல்லார் முன்னிலும் அவனிடம் சொல்லுங்கள்: 'அன்னைக்கு நீ கேட்டது சரிதான், நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்.' தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் கணக்கில் சேராது. நடந்த சண்டையை அழித்துத் திரும்ப ஆட வேண்டாம், அது இன்னொரு பஞ்சாயத்தில் போய் முடியும். கப்பலுக்குள் அவன் கேரக்டர் கையில் ஒரு ஃபயர்பால் மந்திரச் சுருள் கிடைக்கட்டும். வேறு யாருக்கும் வேண்டாம்.

காக்காவிடம் பேசுவது இதற்கு நேர்மாறு. மாடியில் வைத்து வேண்டாம். வயதில் மூத்தவரைச் சின்னப் பிள்ளைகள் முன்னால் அடக்கினால், அடுத்த வாரம் போஷனைவிடப் பெரிய சண்டை வரும். டீ குடிக்கும்போது சொல்லுங்கள்: 'காக்கா, உங்களுக்குத்தான் விதி நல்லாத் தெரியும். ஆட்டத்துல நான் ஒரு நிமிஷத்துல ஒண்ணு சொல்லிடுறேன், அன்னைக்கு அது எல்லாருக்கும். முடிஞ்சதும் நீங்க புக்கைப் பார்த்துச் சொல்லுங்க, அடுத்த வாரத்துல இருந்து அதுதான்.' ஒரு நோட்டும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆட்டத்தில் நீங்கள் சொன்னதை எல்லாம் அவரே எழுதட்டும், முடிந்ததும் பத்து நிமிஷம் அதைப் பேசுங்கள். இரண்டு வாரத்தில் 'போன தடவை இப்படித்தானே சொன்னீங்க' என்ற பேச்சு நின்றுவிடும்.

ஒரு நிமிஷ விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒருவருடைய கேரக்டர் சாகப் போகிறது என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. ஆறு மாதம் வளர்த்த கேரக்டரை அவசரத் தீர்ப்பில் கொன்றுவிட்டு, அடுத்த வாரம் விதி வேறு என்று சொன்னால் அந்த ஆள் திரும்பி வரமாட்டார்.

டிஎம் வேலையை விட வேண்டாம். ஆனால் காக்காவின் லீவு முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை அவர் நடத்தட்டும், ஒரே இரவில் முடிகிற சின்னக் கதையாக, அவருடைய 2024 புத்தகத்தை வைத்து. நீங்கள் சாச்சா மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுங்கள்.