குத்துச்சண்டைக்கு எடை குறைக்கும் பையன்: கறுத்த சிறுநீரைக் கவனியுங்கள்

மன்னார்குடி வாசகிக்கு,

கடிதத்தில் ஏழெட்டு சந்தேகங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான்காவது வரியில் போகிறபோக்கில் எழுதிய ஒன்றுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். போன மாதம் போட்டிக்கு முந்தின நாள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடிவிட்டு வந்த மகனுக்கு, சிறுநீர் பால் விடாத டிகாக்‌ஷன் நிறத்தில் போயிருக்கிறது. தொடையைத் தொட்டாலே வலி. இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிட்டதால் மருத்துவமனைக்குப் போகவில்லை என்கிறீர்கள். போயிருக்க வேண்டும், அம்மா.

வெறும் தண்ணீர்க் குறைவில் சிறுநீர் அடர் மஞ்சளாகும், கறுக்காது. கறுப்பும் தசை வலியும் சேர்ந்து வந்தால், தசை நார் உடைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்திருக்கிறதா என்றுதான் மருத்துவர்களான நாங்கள் முதலில் சந்தேகிப்போம். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்தப் புரதம் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். உடைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் வெளியே வரும். அது அளவு மீறினால் இதயம் நின்றுவிடும். இது மறுபடி வந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்காதீர்கள். சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றைக்கே போங்கள். உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான். குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். தசை உடைந்ததைக் காட்டும் சி.பி.கே., சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் ஆகிய மூன்று ரத்தச் சோதனைகளையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைச் சோதனை ரத்தம் என்று காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணு தெரியாவிட்டால், அது தசைப் புரதம்தான் என்ற சந்தேகம் வலுக்கும். தொடை வலிக்கு டைக்லோஃபெனாக், இப்யூபுரூஃபன் கொடுக்கவே கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும்.

போன மாத நிகழ்வுக்கு இப்போது சி.பி.கே. பார்த்தால் இயல்பாகவே இருக்கக்கூடும். அதை வைத்து அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை வெயில் ஓட்டம் வேண்டாம்.

அடுத்தது அந்த 'தண்ணி மாத்திரை'. கூடப் பயிற்சி செய்யும் அண்ணன் வாங்கிக் கொடுத்த லாசிக்ஸ், ஃப்யூரோசெமைடு என்ற மருந்து. இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவருக்கு நாங்கள் அளந்து கொடுப்பது. நல்ல உடம்புள்ள பதினேழு வயதுப் பையனுக்கு அது தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் இழுத்துப் போடும். உடம்பில் ஒரு கிராம் கொழுப்பைக்கூடக் குறைக்காது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இதுபோன்ற சிறுநீர் போக்கிகளுக்குப் போட்டி இல்லாத நாளிலும் தடை. மாட்டினால் விளையாட்டு வாழ்க்கையே போகும். சீட்டில்லாமல் இதைக் கொடுத்த கடைக்காரர் மேல் எனக்குக் கடுமையான கோபம் இருக்கிறது. மிச்ச மாத்திரையை இன்றைக்கே வாங்கி எறியுங்கள்.

இனி நீங்கள் தலைப்பாக எழுதிய கேள்வி. சண்டை நாள் காலையில் எடை பார்ப்பதால்தான் பிள்ளைகள் வதைபடுகிறார்கள், முந்தின நாளே பார்த்தால் தேறிக்கொள்ள நேரம் கிடைக்குமே என்கிறீர்கள். நியாயமாகத்தான் படும். நடப்பது நேர்மாறு. தேறிக்கொள்ள ஒரு பகல் ஒரு இரவு கிடைக்கும் என்று தெரிந்தால், மூன்று கிலோ குறைத்தவன் ஆறு கிலோ குறைப்பான். தொழில்முறைக் குத்துச்சண்டையில் முந்தின நாள்தான் எடை பார்க்கிறார்கள். பல கிலோ தண்ணீரை வற்றவைத்துவிட்டு மறுநாள் ஏற்றிக்கொள்வது அங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. 1997-இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், காற்றுப் புகாத உடையோடு சூடான இடத்தில் எடை குறைக்கப்போய், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே அந்த உடையையும் நீராவி அறையையும் தடை செய்து, எடை பார்ப்பதைப் போட்டி நேரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கூடவே தண்ணீரோடு ஒப்பிட்டுச் சிறுநீரின் அடர்த்தியையும் சோதித்தார்கள், 1.020-ஐத் தாண்டினால் அவர் தண்ணீர் வற்றியவர். எனவே என் கட்சி சண்டை நாள் காலைதான், அதோடு இந்தச் சிறுநீர்ச் சோதனையும் வேண்டும்.

சண்டை நாள் காலையில் எடை பார்த்தாலும், தண்ணீரை வற்றவைத்து ஏமாற்றப் பார்ப்பவனுக்கு என்ன ஆகும்? உங்கள் மகன் 63 கிலோ, 60-க்கு இறங்குகிறான். மூன்று கிலோ தண்ணீர் போனால் சுமார் நாலரை லிட்டர் திரும்பக் குடிக்க வேண்டும். குடிப்பதில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடுமே. எடை பார்ப்பதற்கும் சண்டைக்கும் நடுவே சில சமயம் மூன்று மணி நேரம்தான். குடல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் வாங்காது. அதற்கு மேல் குடித்தால் வாந்திதான். வற்றிய உடம்போடு மேடை ஏறுபவன் கை தாமதமாகும், தடுக்க வேண்டிய குத்தைத் தலையில் வாங்குவான். நம் பக்கத்துச் சித்திரை, வைகாசியில் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை கொட்டுமே தவிரக் காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதன் மேல் மழைக்கோட்டு வேறு!

மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன். கிரியேட்டினின் 1.2 என்பதைப் பார்த்து இணையத்தில் டயாலிசிஸ் வரை படித்திருக்கிறீர்கள். தசை வளர்ந்த பையனுக்கு அது பெரும்பாலும் இயல்பு. இரண்டு நாள் கடும் பயிற்சி இல்லாமல், நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகு மறுபடி பாருங்கள். பி-காம்ப்ளெக்ஸ் போட்ட அன்று பளிச்சென்ற மஞ்சள் வருவது மாத்திரையின் நிறம். ஸ்கிப்பிங் ஆடினால் உயரம் நின்றுபோகாது.

பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள். வளரும் பையனை அடுத்த மேல் எடைப் பிரிவில் ஆடவிடச் சொல்லுங்கள். நீராகாரமும் உப்பும் நிறுத்தக் கூடாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே தராசில், ஈரத் துணியைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஒரு நாள் பயிற்சியில் 1.2 கிலோவுக்கு மேல் இறங்கினால் மறுநாள் அவனுக்கு ஓய்வு.