லெமன் குக்கீ பார்: அடிவாரத்துக்கு ஓர் அளவு, மலைக்கு ஓர் அளவு – கேள்வி பதில்

சென்ற வாரம் நான் கொடுத்த அளவைச் செய்து பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அளவைத் தவறவிட்டவர்களுக்காக மீண்டும் ஒரு முறை: 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு மைதா 190 கிராம், வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை ஒன்று, நான்கு எலுமிச்சம்பழத்தின் தோல் துருவல், சாறு ஒரு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. 175 டிகிரியில் 20 முதல் 22 நிமிடம் வேக வேண்டும். மேற்பூச்சுக்கு ஐசிங் சர்க்கரை 120 கிராமும் எலுமிச்சைச் சாறு நான்கு தேக்கரண்டியும் போதும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரி: சூரமங்கலத்தில் அக்கா வீட்டில் இதே அளவு அருமையாக வந்தது. இங்கே பொங்கி எழுந்து, பத்தாவது நிமிடத்தில் நடுவே குழி விழுந்துவிடுகிறது. அடுப்பில் கோளாறா?

அடுப்பில் கோளாறு இல்லை, அம்மா, உயரம்தான் காரணம். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே வந்து சேரும்போது தலையணை போல உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. பொட்டலத்துக்குள் நடப்பதேதான் மாவுக்குள்ளும் நடக்கிறது: பேக்கிங் பவுடர் வெளியிடும் வாயு கூடுதலாக விரிந்து, மைதாவும் முட்டையும் வெந்து இறுகுவதற்கு முன்பே மாவைத் தூக்கிவிடுகிறது, தாங்குவதற்குச் சுவர் இல்லாததால் கூரை இறங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதால் ஈரம் சீக்கிரம் வெளியேறி, மிஞ்சும் மாவில் சர்க்கரையின் விகிதம் கூடுகிறது. சர்க்கரை கூடினால் மாவு இறுகுவது மேலும் தாமதமாகும்.

ஆகவே பேக்கிங் பவுடரில் கால் பங்கையும், சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டியையும் குறைத்து, மைதாவை ஒரு மேசைக்கரண்டி கூட்டி, வெப்பத்தை 185 டிகிரிக்கு உயர்த்துங்கள். 17ஆவது நிமிடத்திலிருந்தே பக்கத்தில் நின்று பாருங்கள். நான் சேலத்திலிருந்து மலைக்குக் குடிவந்த புதிதில் இதை அறியாமல் மூன்று தட்டுகளைக் காக்கைக்கு வைத்தவள்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து: மே மாதத்தில் வெண்ணெய் உருகி, மாவு தோசை மாவு போல ஆகிவிடுகிறது.

செய்முறைகளில் அறை வெப்பநிலை என்று எழுதுகிறவர்கள் மனத்தில் வைத்திருப்பது 20 டிகிரி அறையை. சேலத்து மே மாதத்து அறையை அல்ல. வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். விரலில் ஒட்டக் கூடாது. மாவைத் தட்டில் பரப்பியபின் இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். வீட்டில் கடைந்த வெண்ணெயானால் நீர் மிகுந்திருக்கும். நன்றாகப் பிழிந்து எடுத்த பிறகு எடை போடுங்கள்.

ஆத்தூரிலிருந்து: முட்டை இல்லாமல் செய்யலாமா?

செய்யலாம். ஒரு முட்டைக்குப் பதிலாக, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் 60 கிராம் சேருங்கள். தயிரிலும் புளிப்பு இருப்பதால் சாற்றில் ஒரு தேக்கரண்டியைக் குறைத்துவிடுங்கள்.

ஓமலூரிலிருந்து: எனக்கு ஒவ்வொரு முறையும் கசக்கிறது.

வெள்ளைத் தோலைத் துருவியிருக்கிறீர்கள். மணம் முழுவதும் மேலே உள்ள மஞ்சள் தோலின் எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது, கசப்பு முழுவதும் அதன் கீழே உள்ள வெள்ளையில் இருக்கிறது; நம் எலுமிச்சைக்குத் தோல் மிக மெல்லியது என்பதால் துருவியில் ஓரிடத்தை இரண்டு முறை இழுத்தாலே வெள்ளை வந்துவிடும். சாறு பிழிவதற்கு முன்பு துருவுங்கள் என்பதையும் நான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. பிழிந்த மூடியைத் துருவ முடியாது. துருவலைச் சர்க்கரையோடு சேர்த்து விரல் நுனிகளால் தேயுங்கள். இரண்டு நிமிடத்தில் சர்க்கரை ஈர மணல் போலாகி இளமஞ்சளாக மாறும், கை முழுவதும் மணக்கும். அதற்குப் பிறகுதான் வெண்ணெய்.

அம்மாபேட்டையிலிருந்து: ஓவன் இல்லை. குக்கரில் முடியுமா?

முடியும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, பத்து நிமிடம் சூடாக்கிய பின் தட்டை உள்ளே வையுங்கள். சிறு தீயில் 35 நிமிடம் ஆகும். மேற்புறம் சிவக்காது, பூச்சு அதை மறைத்துவிடும்.

நாகலூரிலிருந்து ஒரு பெரியவர்: வெளிநாட்டார் லெமன் என்று சொல்வது நம் எலுமிச்சை அல்ல, நாரத்தை. அதைத்தான் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

ஐயா, முதற்பாதி சரி, பிற்பாதி சரியில்லை. அவர்களுடைய லெமன் வேறு பழம்தான். நாம் ஊறுகாய் போடும் எலுமிச்சையை அவர்கள் லைம் என்பார்கள். ஆனால் லெமன் நாரத்தை ஆகிவிடாது. லெமன், சிட்ரான் என்னும் தடித்த தோல் பழத்துக்கும் கசப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பு. நம் எலுமிச்சையும் சிட்ரானுக்கு வேறொரு காட்டு இனத்தோடு பிறந்த கலப்பு. ஒரு தந்தைக்குப் பிறந்த இரு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாரத்தை என்ற பெயரையோ நாம் ஊருக்கு ஊர் வெவ்வேறு காய்க்குச் சூட்டியிருக்கிறோம்.

அதே பெரியவர்: என் தோட்டத்து நாரத்தையை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முகர்ந்திருக்கிறேன், ஐயா, அந்த இலையில் இடித்த வேப்பிலைக்கட்டியோடு தயிர்ச்சோறு சாப்பிட்டு வளர்ந்தவள் நான். மணத்தில் எனக்கு வழக்கில்லை. சாற்றில்தான் வழக்கு: அதன் கசப்பு உப்பிலும் காரத்திலும் அடங்கும், சர்க்கரையில் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஏற்காட்டுச் சகோதரி குறுக்கிட்டு: பெரியவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. மூன்று எலுமிச்சைத் தோலுடன் அரை நாரத்தைத் தோலை மட்டும் சேர்த்தேன். வீட்டில் எல்லோரும் கூடுதலாகக் கேட்டார்கள்.

தோலை மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் நானும் அப்படியே செய்வேன். பெரியவருக்குப் பாதி வெற்றி.

கொண்டலாம்பட்டியிலிருந்து: மேலே ஜெல்லி போன்ற அடுக்கு எனக்கு வரவில்லையே?

வராது. அது லெமன் பார். அடியில் பிஸ்கட்டும் மேலே முட்டையும் சாறும் சேர்ந்த கலவையும் வைத்துச் செய்யும் வேறொரு பண்டம்.

ஏற்காட்டிலிருந்து இன்னொருவர்: மழைக்காலத்தில் மேற்பூச்சு காயாமல் பிசுபிசுக்கிறது. முட்டை சேர்க்காததால் இருக்குமோ?

முட்டைக்கும் பூச்சுக்கும் உறவில்லை. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வரும் வீட்டில் அது எப்படிக் காயும்? சாற்றை மூன்று தேக்கரண்டியாகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி மரவள்ளி ஸ்டார்ச் கலந்துகொள்ளுங்கள். சேலம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பார் முழுவதும் ஆறிய பிறகே பூசுங்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரே அடுக்காக வையுங்கள்.

தாரமங்கலத்திலிருந்து: முட்டை இல்லாமல், குக்கரில் செய்யலாமா?

முட்டைக்கு ஆத்தூர்க்காரருக்கும், குக்கருக்கு அம்மாபேட்டைக்காரருக்கும் எழுதிய பதில்களைச் சேர்த்துப் படியுங்கள். நேரத்தை மட்டும் 40 நிமிடமாக்குங்கள்.