மாட்டு டாக்டர் பதில்கள்: 160 ஏக்கர் சும்மா கிடைத்ததா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மாட்டுப் பண்ணைகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டே கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. மடிநோய், குடற்புழுக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அந்தக் காலத்தில் அமெரிக்க அரசாங்கமே ஆளுக்கு 160 ஏக்கர் இனாமாகக் கொடுத்ததாமே? அப்படிக் கிடைத்தும் பலர் விட்டுவிட்டுப் போனது ஏன்?
– ஈரோடு வாசகர்

கொடுத்தது உண்மைதான். 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் அது. 21 வயது ஆனவரோ குடும்பத் தலைவரோ பதிவு செய்யலாம். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர். அங்கேயே ஐந்து வருடம் குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைத் திருத்திக் காட்டினால் பட்டா. சுமார் 16 லட்சம் பேர் அப்படிப் பட்டா வாங்கினார்கள். மொத்தம் 27 கோடி ஏக்கர்.

முதல் நாளே, அதாவது 1863 ஜனவரி 1 அன்று, பதிந்தவர் டேனியல் ஃப்ரீமன். நெப்ராஸ்காவில் பீட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த அவர் நிலம் இப்போது தேசியப் பூங்கா. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை என்னை அங்கே கூட்டிப் போனார். கார் நிறுத்தும் இடத்தையே சரியாக ஒரு ஏக்கர் அளந்து போட்டிருக்கிறார்கள். அதன் நடுவில் நின்று, இதைப் போல 160 என்று நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே 1867-இல் கட்டிய ஒரு மரவீடு. 14 அடிக்கு 16 அடி. பத்துப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் அதில் குடியிருந்தது.

சரி, ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? மழைதான் காரணம். கிழக்கே மழை நன்றாகப் பெய்யும் சீமையில் 160 ஏக்கர் வைத்திருப்பவர் பெரிய மிராசு. மேற்கே போகப் போக மழை குறைகிறது, உழுதால் மண் பறக்கிறது, புல் மட்டுமே நிற்கிறது. அந்த மணல்மேட்டுப் புல்வெளியில் ஒரு பசுவும் கன்றும் வருடம் முழுக்க மேய, தோராயமாகப் பதினைந்து ஏக்கராவது வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 160 ஏக்கரில் பத்துப் பசு. பத்துக் கன்று விற்ற காசில் ஒரு குடும்பம் வருடம் பூரா சாப்பிட வேண்டும்!

இதை முன்கூட்டியே சொன்ன ஆள் ஒருவர் இருந்தார். ஜான் வெஸ்லி பவல். போரில் ஒரு கையை இழந்த நில ஆய்வாளர். வறண்ட பகுதியில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கராவது கொடுங்கள் என்று 1878-லேயே அறிக்கை எழுதினார். வாஷிங்டனில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1904-இல் மேற்கு நெப்ராஸ்காவுக்கு மட்டும் கின்கெய்டு சட்டத்தில் 640 ஏக்கர் ஆக்கினார்கள். 1916-இல் மற்ற இடங்களின் மேய்ச்சல் நிலத்துக்கும் 640 வந்தது, அதுவும் நிலத்தடிக் கனிமங்களை அரசாங்கமே வைத்துக்கொண்டு. 640-இலும் நாற்பது பசுதான் தேறும். பவல் சொன்னதில் கால் பங்கு. அந்தக் குடும்பங்களைச் சோம்பேறிகள் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அளவு போட்டவர்கள் செய்த தப்பு அது.

கேள்வி: அந்த நிலம் அதற்கு முன்பு யாருடையது?
– திருநெல்வேலி வாசகர்

பானீ, ஓட்டோ, லகோட்டா போன்ற பழங்குடிகளுடையது. ஒப்பந்தம் என்று பேர் வைத்து வாங்கினார்கள், பிறகு ஒப்பந்தத்தையும் மீறினார்கள். பானீ மக்களை 1870-களில் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்த்து அனுப்பினார்கள். இனாம் கொடுத்தவன் கையில் அது எப்படி வந்தது என்று முதலில் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

கேள்வி: படங்களில் எல்லாம் ஆண்கள் குதிரையில் போகிறார்கள். வீட்டுப் பெண்கள் என்னதான் செய்தார்கள்?
– மதுரை வாசகி

குடும்பத்தை நடத்தினார்கள், அம்மா. மரமே இல்லாத சீமை. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். இரண்டு மூன்று அடி கனம். வெயிலுக்குக் குளுமை, பனிக்குக் கதகதப்பு. ஆனால் கூரையும் மண். மேலேயிருந்து மண்ணும் பூச்சியும் கஞ்சியில் விழாமல் இருக்க, கூரைக்கு அடியில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டுவார்கள். மழை பெய்தால் வெளியே விட்ட பிறகும் உள்ளே சொட்டும். அடுப்புக்கு விறகு ஏது? புல்வெளியில் காய்ந்து கிடக்கும் சாணியைக் கோணியில் பொறுக்கி வர வேண்டும். அது பெண்களும் பிள்ளைகளும் பார்த்த வேலை.

கன்று விற்ற காசு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். மீதி மாதங்களில் காபித்தூளும் சர்க்கரையும் மாவும் வாங்கியது பெண்கள் விற்ற முட்டையிலும் வெண்ணெயிலும்.

இன்னொன்று. கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தன் பெயரிலேயே நிலம் பதிய அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் புருஷன் உள்ள பெண்ணுக்குப் பொதுவாக இல்லை, குடும்பத் தலைவர் அவர்தானே! விவரமான பெண்கள் முதலில் நிலத்தைப் பதிந்துவிட்டு, அப்புறம் பக்கத்து நிலத்துக்காரரைக் கட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: பெரிய பண்ணைக்காரர்கள் சின்னவர்களை விட்டுவைத்தார்களா?
– தஞ்சாவூர் வாசகர்

எங்கே விட்டார்கள்? 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பி மலிவானதும் பெரியவர்கள் அரசாங்க நிலத்தையும் சேர்த்து வளைத்துவிட்டார்கள். அது குற்றம் என்று 1885-இல் சட்டம் வந்தும் வேலிகள் நின்றன. நெப்ராஸ்காவின் ஸ்பேடு பண்ணை முதலாளி பார்ட்லெட் ரிச்சர்ட்ஸும் கூட்டாளியும் 1905-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டனை என்ன தெரியுமா? தலைக்கு 300 டாலர் அபராதம், ஆறு மணி நேரக் காவல். அதுவும் சொந்த வக்கீலின் காவலில்! செய்தி கேட்டு அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கொதித்துப்போனார். அரசு வக்கீலின் வேலை போனது. மறு வழக்கில், விதவைகளை வைத்துப் போலிப் பதிவு செய்த குற்றத்துக்கு ஒரு வருடச் சிறை. ரிச்சர்ட்ஸ் தண்டனைக் காலம் முடிவதற்குள் 1911-இல் இறந்தார்.

கேள்வி: பனிக்காலத்தில் மாடுகளை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?
– ஊட்டி வாசகர்

அந்தக் காலத்தில் காப்பாற்றவில்லை. 1886–87 குளிர்காலத்தில் வைக்கோல் சேமிக்காமல் திறந்தவெளியை நம்பியவர்களின் மந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதிபர் ஆவதற்கு முன்பு டகோட்டா பகுதியில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ரூஸ்வெல்ட்டும் பாதிக்கு மேல் மாடுகளை இழந்தார். அதன் பிறகுதான் கோடையில் புல் அறுத்துப் போர் போடுவது கட்டாயமானது.

இப்போதும் கன்று ஈனும் காலம் கடுங்குளிரின் கடைசியில்தான் வருகிறது. நான் போன பண்ணையில் கணவனும் மனைவியும் முறை வைத்து ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் டார்ச்சோடு கிடாரிகளைச் சுற்றி வந்தார்கள். ஈரத்தோடு விறைத்துக் கிடந்த ஒரு கன்றைத் தூக்கி வந்து, வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழே போட்டு, ஹீட்டரை முழுதாக வைத்தார் அந்த அம்மா. அரை மணி நேரத்தில் தலையைத் தூக்கியது. மந்தையில் காது நுனி இல்லாத மாடுகள் சில நின்றன. கன்றாக இருந்தபோது பனியில் காது உறைந்து உதிர்ந்தவை.

கன்று செத்த பசுவிடம் தாயில்லாக் கன்றைச் சேர்க்க, செத்த கன்றின் தோலை உரித்து மற்றதன் முதுகில் கட்டுகிறார்கள். பசு மோந்து பார்த்துவிட்டு மடியைக் கொடுக்கிறது. நம்மூரில் வைக்கோல் கன்றைக் காட்டிப் பால் கறந்த அதே தந்திரம்தான்.

கேள்வி: இப்போது விண்ணப்பித்தால் நிலம் கிடைக்குமா?
– வேலையில்லாப் பட்டதாரி, விழுப்புரம்

கிடைக்காது, தம்பி. 1976-இல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அலாஸ்காவுக்கு மட்டும் 1986 வரை விட்டுவைத்தார்கள். கடைசிப் பட்டா வாங்கியவர் கென்னத் டியர்டார்ஃப். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர். அலாஸ்காவின் ஸ்டோனி ஆற்றங்கரையில் 1974-இல் 80 ஏக்கருக்குப் பதிந்தார், பட்டா கையில் வந்தது 1988-இல். அவர் ஓட்டிய டிராக்டரைப் பீட்ரிஸ் பூங்காவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இன்று அங்கே பண்ணை வைக்க அப்பாவிடமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் வங்கியிடம் போக வேண்டும்.