பீரோவுக்குள் கணக்குப் புத்தகம்

கேள்வி: நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 90-க்கு 38. கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். என் வளையலை அடகு வைத்து டியூஷன் சேர்த்தோம், மூன்று கைடு வாங்கினோம். பள்ளியில் கொடுத்த கணக்குப் புத்தகம் இரண்டையும் அட்டை போட்டு, கசங்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் தங்கைக்குப் பின்னால் உதவும். டியூஷன் சார் நாலு பாடத்தை விட்டுவிடச் சொல்கிறார். டியூஷனை மாற்றலாமா? எந்தக் கைடு நல்லது?

பதில்: டியூஷனும் கைடும் இருக்கட்டும் சகோதரி, முதலில் அந்த பீரோவைப் பேசுவோம்.

பொதுத்தேர்வுக் கேள்வி எந்தப் புத்தகத்தை வைத்து எடுக்கப்படுகிறதோ, அந்தப் புத்தகம் உங்கள் வீட்டில் பட்டுப்புடவைக்கு நடுவே அந்துருண்டை வாசனையோடு கிடக்கிறது. மார்ச் மாதம் பரீட்சை எழுதப்போகிறவன் மூன்று கைடை வைத்துக்கொண்டு விழிக்கிறான். தங்கைக்கு உதவுமா? அவள் பிளஸ் டூ வரும்போது அரசு அவளுக்கும் இலவசமாகவே கொடுக்கும். யாரிடமிருந்து யாருக்காக அதைப் பூட்டி வைத்தீர்கள்? வளையலைக் கழற்றிக் கொடுக்கத் துணிந்த உங்களுக்கு, சும்மா வந்த புத்தகத்தைப் பிரிக்க மனசு வரவில்லை. காசு கொடுத்து வாங்கினால்தான் படிப்பு என்று நம்புகிறீர்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை வருகிற கடிதங்களில் பாதி இதே கதைதான். எனக்குக் கோபம் வருகிறது.

இன்று இரவே புத்தகங்களை வெளியே எடுங்கள். இரண்டு தொகுதி, மொத்தம் 12 பாடம். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் 'கற்றலின் நோக்கங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தப் பிள்ளையும் அதைப் படிப்பதில்லை, புரட்டிவிட்டுப் போகிறார்கள். இந்தப் பாடம் முடியும்போது உனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அரசே எழுதிக் கொடுத்த கணக்கு அது. மகன் அதை ஒரு நோட்டில் எழுதட்டும். முதல் பாடம் அணிகள் என்றால் நேர்மாறு அணி, அணியின் தரம், கிராமர் விதி, காஸ்ஸியன் நீக்கல் முறை என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் புத்தகத்தில் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டை, விடையைக் கையால் மூடிக்கொண்டு போட்டுப் பார்க்கட்டும். முழுதாக வந்தால் டிக். பாதியில் நின்றால், நின்றது எந்தப் படி என்று பக்கத்தில் எழுதட்டும். "எல்லாம் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு டிக் போட விடாதீர்கள்.

9-ஆம் பாடத்திலும் 10-ஆம் பாடத்திலும் நிறைய இடத்தில் நிற்பான், பயப்படாதீர்கள். அந்த இரண்டுக்கும் பிளஸ் ஒன்னில் படித்த தொகையிடல் (இன்டெக்ரேஷன்) வேண்டும். ஓட்டை அங்கே இருக்கும்போது இங்கே எத்தனை மாதிரி வினாத்தாள் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். பிளஸ் ஒன் புத்தகமும் அதே பீரோவில்தான் இருக்கும், அதையும் எடுங்கள்.

நாலு பாடத்தை விடக் கூடாது. 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் வினா, அதில் சாய்ஸே கிடையாது. இரண்டு மதிப்பெண்ணிலும் மூன்று மதிப்பெண்ணிலும் பத்துக்கு ஏழு எழுதலாம், ஆனால் இரண்டிலும் கட்டாய வினா ஒவ்வொன்று உண்டு. ஐந்து மதிப்பெண்ணில் ஏழும் 'அல்லது' வினா. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வரும் என்று சொல்லும் ப்ளூபிரிண்ட் இப்போது இல்லை. அப்படியிருக்க, எதை நம்பி விடச் சொல்கிறார்? கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதத்தைக் கடைசியில் இருக்கிற ஒரே காரணத்துக்காகப் பலர் விடுகிறார்கள். அதில் வருகிற மெய்மை அட்டவணை, ஒரு கூற்று எப்போது சரி, எப்போது தவறு என்று காட்டும் கட்டம்தான்; அதைப் போட நுண்கணிதம் வேண்டாம், பொறுமை போதும். 38 வாங்கிய பிள்ளை அங்கிருந்தே தொடங்கலாம். பொறியியல் ஆசை இருந்தால் இதையும் சொல்லுங்கள்: 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பணம் கட்டியதோடு அப்பாவின் கடமை தீர்ந்தது என்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருக்குக் கணக்குத் தெரிய வேண்டாம். வண்டி எடுக்குமுன் டயர், ஆயில், பிரேக் பார்ப்பவர்தானே? அதே கண்ணால் வாரம் ஒருமுறை அந்த நோட்டைப் பார்க்கட்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசையில் நிற்கும்போது போன் போட்டு, "இன்னிக்கு எங்கடா நின்னே?" என்று கேட்கட்டும். அப்பா கேட்பார் என்று தெரிந்தால் பிள்ளை நோட்டை மறைக்க மாட்டான்.

டியூஷனை இப்போது மாற்ற வேண்டாம். நின்ற படிகளை எழுதிக்கொண்டு போய் சாரிடம் கேட்கட்டும். அவர் அதைச் சொல்லிக்கொடுக்காமல் ஜெராக்ஸ் தாளை நீட்டினால் அன்றைக்கே நிறுத்திவிட்டு, அந்தக் காசை வளையலை மீட்கக் கட்டுங்கள். நாலாவது கைடு வாங்காதீர்கள்.

பாடப்புத்தகத்தில் அவன் பென்சிலால் கிறுக்கட்டும், அட்டை கிழியட்டும். தங்கையைப் பற்றித்தான் அவ்வளவு கவலை என்றால், அவளுடைய ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.