சின்ன ஆப்களுக்குச் சொந்த சர்வரா, காசு கட்டி கிளவுட்டா?

ஆப்பையும் அதன் தரவையும் வைத்து ஓட்டுகிற கணினிதான் சர்வர். அதை நீங்களே வாங்கி வைத்திருக்கலாம், அல்லது ஒரு கம்பனியின் கணினியை இண்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கலாம், அதுதான் கிளவுட். எது நல்லது என்று கேட்டதும் "மாதம் ஐந்து டொலர்தானே, கிளவுட்டில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னவர் பெரும்பாலும் டொலரில் சம்பளம் எடுக்கிறவராக இருப்பார். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து ரூபாயில் உழைத்து ரூபாயில் கட்டுகிறவன். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் சொச்சம், மே மாதத்தில் 360 வரை ஏறியது. அதே சர்வர், அதே ஒரு ஜீபி ரம் (நினைவகம்), ஆயிரம் ரூபாய்ப் பில் மட்டும் 1800 ஆகிவிட்டது. அந்த நாட்களில் வெளிநாட்டுக்குக் காசு கட்டும்போது கார்ட் வேலை செய்யுமா என்பதே ஒவ்வொரு மாதமும் ஒரு நெஞ்சிடி.

உங்களிடம் ஒரு பழைய லப்டொப்பும் இரண்டு மூன்று சின்ன ஆப்களும் இருக்கின்றன, பாவிக்கிறவர்கள் சில நூறு பேருக்குள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ செய்து கொடுக்கிறவர் என்றால் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம், பிறகு வந்து என்னோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

என் கணக்கு இதுதான். ஆப்பைப் பாவிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தால் சர்வரும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஊர் ஊராக, நாடு நாடாக இருந்து பாவிக்கிறார்கள் என்றால் காசைக் கட்டி கிளவுட் எடுங்கள். மாத வாடகை, ரம், சீபியூ எல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

கொக்குவில் பக்கம் ஒரு ரியூட்டரிக்கு (தனியார் வகுப்பு நடத்தும் இடம்), பிள்ளைகளின் வரவும் கட்டணமும் பதிகிற ஆப் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். 12 வோல்ட்டில் ஓடும் கையகலக் கணினி ஒன்று அலுவலக அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அதுவும் ரவுட்டரும் ஒரு ஓட்டோ பற்றரியில் தொங்குகின்றன. பற்றரி யன்னலுக்கு வெளியே, சார்ஜரோடு. (ஓட்டோ பற்றரியை அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், அது எனக்கும் தெரியும். பாதிக்கு வந்ததும் வெட்டிவிடுகிற ஒரு சின்னச் சுற்றுப் பலகை இடையில் இருக்கிறது.) மேசையில் இருக்கிற போன்கள் வைபை வழியாக அந்தக் கணினியோடுதான் பேசுகின்றன. இண்டர்நெட்டே தேவையில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான் இந்த யோசனை எனக்கு உறுதியானது. கிளவுட்டில் இருந்த என் மற்ற ஆப்கள் சிங்கப்பூரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை. கரண்ட் நின்று கொஞ்ச நேரத்தில் டவர் பற்றரிகளும் இறங்கிவிடும், போனில் சிக்னல் ஒரு கோட்டில் நின்று தவிக்கும். கிளவுட்காரர் சொல்வதுபோல சர்வர் 99.9 வீத நேரம் உயிரோடு இருந்து எங்களுக்கு என்ன பிரயோசனம்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி கழிந்திருக்கும். அடுத்த மாதம் ஓ.எல். (சாதாரண தர) சோதனை, வகுப்பு நிரம்பி வழிகிறது, கட்டண மேசையில் வரிசை. கரண்ட் போய்ப் பான் (மின்விசிறி) நிற்கவும் பொடியள் "ஓ" என்று கத்தினார்கள். ரியூட்டரிச் சேரின் கை தன்பாட்டில் லாச்சிக்குள் சீ.ஆர். கொப்பியை, அந்தப் பெரிய கணக்குக் கொப்பியை, தேடிப் போய்விட்டது. மேசையில் இருந்த பிள்ளை எதையும் கவனிக்காமல் அடுத்த இலக்கத்தை அடித்தாள், பக்கம் வந்தது, பெப்ரவரிக்குக் காசு கட்டியதாகப் பச்சையில் விழுந்தது. சேர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது எங்க இருந்து கரண்ட் எடுக்குது?"

"ஓட்டோ பற்றரி சேர்."

"அப்ப பானுக்கும் ஒரு ஓட்டோவைக் கொண்டு வாருமன்."

பாணந்துறையில் உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால்தான் நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று பிறகு அமைச்சர் சொன்னார். சொல்லுங்கள், எந்த கிளவுட் கம்பனியின் ஒப்பந்தத்தில் பாணந்துறைக் குரங்குக்கு இடம் இருக்கிறது?

சும்மா கிடக்கிற பழைய டெஸ்க்டொப்பை சர்வர் ஆக்கினால் இலவசம்தானே என்று யோசிக்காதீர்கள். 10 வோட் இழுக்கிற சின்னக் கணினி மாதம் முழுக்க ஓடினால் ஏழு யூனிட் அளவில் வரும். பழைய டெஸ்க்டொப் சும்மா இருக்கும்போதே 60, 70 வோட் இழுக்கும், அது மாதம் ஐம்பது யூனிட் வரை. எங்கள் கரண்ட் பில் படிப்படியாக விலை ஏறுகிற பில், அந்த ஐம்பது யூனிட் வீட்டையே அடுத்த படிக்குத் தள்ளிவிட்டால் கிளவுட் வாடகையைக் கரண்ட் பில்லாகக் கட்டுகிற கதைதான். லப்டொப் பரவாயில்லை. ராஸ்பெரி பை மாதிரிக் கையகலக் கணினி என்றால் எஸ்டி கார்டை நம்பாமல் எஸ்எஸ்டி போடுங்கள், திடீர் திடீரென்று கரண்ட் போகிற ஊரில் எஸ்டி கார்ட் தாங்காது.

வீட்டு சர்வரை வெளியில் இருந்தும் பார்க்க வேண்டும் என்றால் ரவுட்டரில் போர்ட் (வெளியில் இருந்து உள்ளே வருகிற வாசல்) திறந்து மாரடிக்க முதல், அதன் வெளிப்பக்க ஐபி முகவரியை, அதாவது இண்டர்நெட்டில் அதன் இலக்கத்தைப் பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் இன்னும் எத்தனையோ வீடுகளோடு ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள். அங்கே போர்ட் திறந்தும் பலனில்லை. கிளவுட்பிளேர் கம்பனியின் டனல் மாதிரி ஒன்று போதும், உள்ளே இருக்கிற கணினி தானே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும், இலவசம். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சிலர் இதற்கும் வருவார்கள். ரியூட்டரி சர்வருக்கு வெளியில் இருந்து வாசலே கிடையாது ஐயா. புதிதாக எடுத்த கிளவுட் சர்வரின் லொக்கை, அதாவது உள்ளே வர முயன்றவர்களின் பதிவேட்டைத்தான் ஒருதரம் திறந்து பாருங்கள், எத்தனை பேர் பாஸ்வேர்ட் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று.

நான் கிளவுட்டுக்கு எதிரி இல்லை. எங்கள் ஊர்ச் சங்கத்துக்குச் செய்த நன்கொடைக் கணக்கு ஆப் கிளவுட்டில்தான் இருக்கிறது. அதைத் திறக்கிறவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள், எங்களுக்கு நடுச்சாமம் அவர்களுக்குப் பகலோ பின்னேரமோ, கரண்ட் இல்லை என்று அவர்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்க முடியாது. வாடகையைச் சங்கமே கட்டுகிறது. ரியூட்டரியின் தரவும் ஒவ்வொரு இரவும் பூட்டுப் போட்டு அதே கிளவுட்டுக்குப் போகிறது. தரவைச் சேமிப்பது எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் என்றால் ஓடிக்கொண்டிருக்கிற பைலை அப்படியே கொப்பி பண்ண வேண்டாம், அதற்கென்று இருக்கிற பக்கப் கட்டளையைப் பாவியுங்கள்.

உண்மையில் இந்த ரியூட்டரி வேலையில் என் உயிரை எடுத்தது சர்வர் இல்லை, பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு. 2025இலும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை பாமினியில் அடித்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கெட்ட வார்த்தை போலத் தெரியும். எல்லாக் கணினியிலும் தெரிகிற யுனிகோட் முறைக்கு மாற்ற எத்தனையோ கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஒரே பெட்டிக்குள் பெயர் பாமினியிலும் முதலெழுத்து ஆங்கிலத்திலும் இருந்தால் எந்தக் கருவியும் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடும். கடைசியில் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தியதுதான். "அது தமிழிலதானே இருக்கு தம்பி" என்கிறார்கள். என்ன சொல்ல?

சரி, இன்னொன்று. வீட்டிலோ கிளவுட்டிலோ எங்கே வைத்தாலும் டொமைன் பெயரை (ஆப்பின் இணைய முகவரியை) உங்கள் பெயரில், உங்கள் கார்டில், நீங்களே வாங்குங்கள். அது கையில் இருந்தால் ஒரு பின்னேரத்தில் இங்கிருந்து அங்கே மாறிவிடலாம்.